அண்ணம் இழந்தவர்களின் பேச்சும் பந்தியும்: வாய்க் குறைபாடுகளும் இம்பிளான்ட் வழிச் சீரமைப்பும்

வாயின் கூரையாக அமைந்த அண்ணம், உணவு செல்லும் வழியையும் மூச்சு செல்லும் வழியையும் பிரித்து நிறுத்தும் மெல்லிய சுவர் ஆகும். முன்பகுதியில் எலும்பாலும் பின்பகுதியில் தசையாலும் ஆன இந்தச் சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வெளிவரும். பேசும்போது காற்று வாயில் தங்காமல் மூக்குக்குள் நழுவுவதால் சொற்கள் உருக்குலையும். மென்ற சோறு மேலேறி எலும்பறைகளில் தங்கி நாறும். ஓட்டையோடு மேல்வரிசைப் பற்களும் போய்விட்டால் மெல்லுவதே இயலாமற்போகும். பற்களோடு அவற்றைத் தாங்கியிருந்த எலும்பு, ஈறு, அண்ணம், சில வேளை நாக்கின் ஒரு பகுதி ஆகியவை நோயாலோ அறுவைச் சிகிச்சையாலோ விபத்தாலோ பிறவியிலோ இல்லாமற்போன நிலையையே மருத்துவம் வாய்க் குறைபாடு என்கிறது. முதுமையில் பல் விழுந்தவருக்குப் பல்செட் செய்து தருவதும், இத்தகையவர்களுக்கு வாயையே திரும்பக் கட்டித் தருவதும் முற்றிலும் வெவ்வேறு பணிகள். பொதுப் பேச்சில் இரண்டும் 'பல் கட்டுவது' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், இரண்டாவது பணி அழகுக்கான செலவாகவும் வசதியுள்ளவர்களின் தேவையாகவும் தோன்றிவிடுகிறது. அத்தோற்றம் தவறானது என்பதையும், புற்றுநோயிலிருந்தோ பூஞ்சைத் தொற்றிலிருந்தோ பிழைத்தவருக்கு வாயை மீட்டுத் தருவது அவருக்குரிய சிகிச்சையின் பிற்பாதி என்பதையும் நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

இத்தகைய ஒருவர் சிகிச்சைக்காக எவ்வளவு அலைய நேர்கிறது என்பதை ஓர் ஊரைக் கொண்டு காணலாம். ஐதராபாத் பெருநகரின் வடக்கு விளிம்பில், சிக்கந்தராபாத் பாளையப் பகுதியை ஒட்டி, பொலாரத்துக்கு அருகே அமைந்துள்ள அல்வால், 2007-இல் பெருநகர மாநகராட்சியோடு இணையும் வரை தனி நகராட்சியாக இருந்தது. படைமுகாம்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் தெலுங்கும் உருதும் பெரும்பான்மை மொழிகளாக வழங்க, படைப்பணியாலும் வணிகத்தாலும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அல்வாலுக்குக் கிழக்கே, ஜவகர் நகர்ப் பக்கத்தில், படைவீரர் குடும்பப் பிள்ளைகளுக்காக 2001-இல் தொடங்கப்பட்ட இராணுவப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அண்ணத்தையோ தாடையையோ இழக்க நேர்ந்த அல்வால்வாசி ஒருவரின் பயணம் பெரும்பாலும் தெற்கு நோக்கியே அமைகிறது. செங்குன்றம் என்று பொருள்படும் ரெட் ஹில்ஸ் பகுதியில் உள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் நிலையம், கோட்டியில் உள்ள அரசுக் காது மூக்கு தொண்டை மருத்துவமனை, அப்சல்கஞ்சில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் பழைய நகரத்தை ஒட்டியே உள்ளன. அறுவைச் சிகிச்சை ஓரிடம், கதிர்வீச்சு ஓரிடம், செயற்கை அண்ணம் வேறோரிடம் என்று அலைய நேரும்போது, பேச்சு குழறி வாயை மூடிக்கொண்டே பேருந்தில் 15 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் ஒருவர் எத்தனை முறை அப்பயணத்தை மேற்கொள்வார் என்பதும் சிகிச்சையின் முடிவைத் தீர்மானிக்கும் ஒரு காரணி ஆகிவிடுகிறது.

இக்குறைபாடுகளின் காரணங்களில் முதலிடம் புற்றுநோய்க்கு உரியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆட்பட்டோர் 1,43,000-க்கும் மேற்பட்டவர்கள். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. குட்காவும் பாக்கும் கன்னத்தின் உட்புறத்தையும் ஈற்றையும் தாக்குவது நாடு முழுவதற்கும் பொது. தெலுங்கு நாட்டில் காணப்படும் இன்னொரு வழக்கம் நேரே அண்ணத்தைச் சுடுகிறது. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடற்கரைச் சிற்றூர்களில் பெண்கள் பலர் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். காற்றில் நெருப்பு அணையாமல் இருக்கவும் வேலையிடையே சாம்பல் உதிராமல் இருக்கவும் இப்படிச் செய்வதாக அவர்கள் கூறுவதுண்டு. சுருட்டுக்கு அங்கே 'சுட்டா' என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்ற சொல் தமிழின் சுருட்டிலிருந்து பிரிந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த வாய்நோய் அறிஞர் யென்ஸ் பிண்ட்போர்க்கும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாலி மேத்தாவும் அவர்களின் குழுவினரும் இவ்வழக்கம் உள்ள ஊர்களில் 10,169 பேரின் அண்ணத்தைச் சோதித்து 1971-இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் பிற பகுதிகளில் அரிதாகக் காணப்படும் அண்ணப் புற்றுநோய் இங்கே ஏன் மிகுந்துள்ளது என்பதை ஐயமறக் காட்டியது. புற்று பிடித்த அண்ணத்தை வெட்டி எடுத்தபின் எஞ்சுவது, முதற்பத்தியில் கூறிய ஓட்டையே.

இரண்டாவது காரணம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், ஸ்டீராய்டு மருந்தும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் சேர்ந்த உடல்களில் 'கருப்புப் பூஞ்சை' என்று மக்கள் அழைத்த மியூக்கர்மைக்கோசிஸ் பரவியது. தெலங்கானா அரசு 2021 மே 20 அன்று இதை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்து, கோட்டி மருத்துவமனையைச் சிகிச்சைக்கான மையமாக நியமித்தது. அவ்வாண்டு சூன் 28 அன்று ஒன்றிய நலத்துறை அமைச்சர் வெளியிட்ட கணக்கின்படி அதுவரை நாட்டில் 40,845 பேர் இந்நோய்க்கு ஆளாகி, 3,129 பேர் இறந்திருந்தனர். நோயுற்றோரில் 26,187 பேர் சர்க்கரை நோயாளிகள். இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அடைத்து, எலும்பை உயிரற்றதாக்கும் இந்தப் பூஞ்சையிலிருந்து உயிரைக் காப்பாற்ற, மேல்தாடையைப் பகுதியாகவோ முழுவதுமாகவோ அகற்றுவது பலருக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. புற்றுநோயாளிக்கு நோய் அறியப்பட்ட நாளுக்கும் அறுவைக்கும் இடையே சில வாரங்களாவது கிடைக்கும். இவர்களுக்குச் சில நாட்களே கிடைத்தன. சிலர் கண்ணையும் சேர்த்து இழந்தனர். ஊரெல்லாம் அடங்கிக் கிடந்த ஒரு கோடையில், வாயில் பாதி இல்லாமல் வீடு திரும்பியவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று எடுத்துரைக்க ஆளில்லாமற்போனது அக்காலத்தின் பெருந்துயரங்களுள் ஒன்று. பிறவி அண்ணப் பிளவும் சாலை விபத்தும் எஞ்சிய காரணங்கள். பிளவுடன் பிறந்த குழந்தைகளுக்குத் தொடக்க ஆண்டுகளிலேயே அறுவை செய்து அண்ணத்தை மூடிவிட முடிவதால், அவர்களுக்கு எலும்பில் திருகாக ஊன்றும் இம்பிளான்ட் பற்றிய கேள்வி வளர்ச்சி முடிந்தபின், பதினெட்டு வயதை ஒட்டியே எழுகிறது.

ஓட்டையை அடைக்கும் முயற்சிகள் பழமையானவை. மேகநோயால் அண்ணம் பொத்துப்போனவர்கள் பெருகியிருந்த பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, பொன் அல்லது வெள்ளித் தகட்டின் மேல் கடற்பஞ்சைப் பொருத்தி, ஈரத்தில் பஞ்சு உப்பி ஓட்டையைப் பிடித்துக்கொள்ளுமாறு ஒரு கருவியை விவரித்தார். பியர் போஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவப் பெருநூலிலும் இத்தகைய கருவிகள் இடம்பெற்றன. இன்று மருத்துவர்கள் 'ஆப்டுரேட்டர்' என்று வழங்கும் இந்த அடைப்புக் கருவி, அடிப்படையில் பல்செட்டின் மேற்புறத்தில் ஒரு குமிழை வளர்த்து ஓட்டைக்குள் நுழைப்பதாகும். அறுவை மேசையிலேயே பொருத்தப்படும் தற்காலிகத் தகடு முதற்கட்டம். காயம் ஆறும் மாதங்களில் அடிக்கடி திருத்தப்படும் இடைக்காலக் கருவி அடுத்த கட்டம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குப் பின், தழும்பு இறுகி உருவம் நிலைபெற்ற பிறகு செய்யப்படுவது நிலையான கருவி. முதற்கட்டத் தகட்டைச் செய்வதற்கு அறுவைக்கு முன்பே வாயின் அச்சை எடுத்திருக்க வேண்டும். ஆகவே அறுவை மருத்துவரும் செயற்கைப் பல் நிபுணரும் நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் நாள், கத்தி படும் நாளுக்கு முந்தையதாக இருந்தாக வேண்டும். இந்த எளிய விதி மீறப்படும் இடங்களில், நோயாளி மயக்கம் தெளிந்து முதன்முதலில் தண்ணீர் கேட்கும்போதே தன் இழப்பின் முழு அளவையும் அறிய நேர்கிறது.

ஆப்டுரேட்டரோடு வாழ்வது எத்தகையது என்பதற்கு வரலாற்றில் நன்கு பதிவான சான்று சிக்மண்ட் பிராய்டின் இறுதிப் பதினாறு ஆண்டுகள். சுருட்டைக் கைவிட இயலாதிருந்த அவருக்கு 1923 அக்டோபரில் வியன்னாவில் ஹன்ஸ் பிக்லர் வலப்பக்க மேல்தாடையையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் அகற்றினார். அதன்பின் அணிந்த செயற்கைத் தாடையை அவர் வீட்டில் 'அசுரன்' என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர். அதை இறுக்கமாக வைத்தால் புண்ணாயிற்று. தளர்த்தினால் பேசவும் உண்ணவும் முடியவில்லை. சிறிது நேரம் கழற்றி வைத்தால் சதை சுருங்கி, மீண்டும் நுழைக்கப் போராட வேண்டியிருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளைத் தாங்கிய அவர் 1931-இல் ஹார்வர்டு பேராசிரியர் வரஸ்தாத் கசாஞ்சியானைக் கொண்டு புதிய கருவிகள் செய்வித்தும் நிறைவு அடையவில்லை. பேச்சையே தொழிற்கருவியாகக் கொண்ட ஒருவர் மேடைகளிலிருந்து விலகினார். 1930-இல் கேத்தே விருது அளிக்கப்பட்டபோது அவருடைய உரையை மகள் அன்னா படித்தார். பொருளும் புகழும் சிறந்த மருத்துவமும் வாய்த்த ஒருவரின் நிலை இதுவென்றால், நாட்கூலிக்குச் செல்லும் ஒருவரின் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை.

பிராய்டின் துன்பத்துக்குக் காரணம் மருத்துவரின் திறக்குறைவு அன்று, பிடிமானம் இன்மையே. கீழ்த்தாடைப் பல்செட்டு தன் எடையால் இருப்பிடத்தில் அமரும். மேல்தாடைக் கருவியோ தன் எடையாலேயே கீழே இழுக்கப்படும். அண்ணம் முழுமையாக உள்ளவருக்கு உமிழ்நீர்ப் படலமும் காற்றழுத்தமும் அதை ஒட்டிப் பிடித்து வைக்கின்றன. அண்ணத்தில் ஓட்டை விழுந்தால் அந்த ஒட்டுதல் அறுந்துபோகிறது. கதிர்வீச்சால் உமிழ்நீர் வற்றியவருக்கு அது இன்னும் மோசமாகிறது. எஞ்சிய பற்களில் கொக்கி மாட்டலாம். ஆனால் ஒருபக்கமே நிற்கும் பற்கள் நெடுநாள் சுமையைத் தாங்காமல் ஒவ்வொன்றாக ஆடி விழும். குமிழின் உள்ளே வெற்றிடம் விட்டு எடையைக் குறைக்கும் உத்தி ஓரளவே உதவும். மொகமது அராமனி 1978-இல் மேல்தாடைக் குறைபாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்தபோது, எஞ்சிய பற்கள் எங்கே, எத்தனை நிற்கின்றன என்பதையே அடிப்படையாகக் கொண்டார் என்பது இந்தச் சிக்கல் எங்கே மையம் கொண்டுள்ளது என்பதைக் காட்டுகிறது. பற்கள் அறவே இல்லாதவருக்குப் பிடிமானத்தை எலும்பிலிருந்தே பெற வேண்டும்.

எலும்பிலிருந்து பிடிமானம் பெறும் வழி சுவீடனில் தற்செயலாகத் தென்பட்டது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1952-இல் முயலின் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் காண டைட்டேனியம் உலோகத்தாலான நுண்கண்ணாடிக் கூடுகளைப் பொருத்திய பெர்-இங்வார் பிரோனெமார்க், ஆய்வு முடிந்து அவற்றைக் கழற்ற முயன்றபோது உலோகமும் எலும்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றியிருந்ததைக் கண்டார். டைட்டேனியத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டவுடன் உருவாகும் ஆக்சைடு படலத்தை உடல் அயற்பொருளாகக் கருதி வேலியிட்டு ஒதுக்குவதில்லை. எலும்புச் செல்கள் அதன்மேல் நேரடியாகப் படிந்து வளர்கின்றன. எலும்பிணைவு என்று சொல்லத்தக்க இந்நிகழ்வைப் பயன்படுத்தி 1965-இல் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளிக்கு அவர் திருகுகளைப் பொருத்தினார். இன்று நகர்ப்புறப் பல் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் ஒற்றைப் பல் இழந்தவர்களுக்கு விற்கப்படும் இம்பிளான்டின் முதல் நோயாளி, பிறவியிலேயே தாடை உருக்குறைந்து, பல் தாங்க வழியின்றித் துன்புற்றவர் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. அத்திருகுகள் அவர் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, நிலைத்து நின்றன. ஆக, வாய்க் குறைபாடு உள்ளவரிடம் தொடங்கிய ஒரு சிகிச்சை பின்னாளில் வசதிக்குரியதாக மாறியிருக்கிறது. அதை அதற்குரியவர்களிடமே திருப்பிக் கொண்டுபோவதுதான் இன்று செய்ய வேண்டியது.

திருகு இறங்குவதற்கு எலும்பு வேண்டும். மேல்தாடையையே இழந்தவரிடம் அது எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கும் பிரோனெமார்க்கின் குழுவே விடை கண்டது. கன்ன எலும்பு அடர்த்தி மிக்கது. புற்றறுவையிலும் பூஞ்சையறுவையிலும் பலருக்கு அது எஞ்சி நிற்கும். வழக்கமான இம்பிளான்டின் நீளம் 8 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருக்க, 30 முதல் 52.5 மில்லிமீட்டர் வரை நீண்ட திருகுகளை வாயிலிருந்து சாய்வாகச் செலுத்திக் கன்ன எலும்பில் ஊன்றும் முறை, தொடக்கத்தில் கட்டியாலும் விபத்தாலும் மேல்தாடை இழந்தவர்களை எண்ணியே வகுக்கப்பட்டது. இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு திருகுகளை ஊன்றி, அவற்றை ஓர் உலோகச் சட்டத்தால் இணைத்து, அதன்மேல் ஆப்டுரேட்டரை மாட்டும்போது, கருவி விழும் என்ற அச்சமின்றி நோயாளியால் வாயைத் திறக்க முடிகிறது. கருப்புப் பூஞ்சைக்குப் பின் இந்தியாவின் பல நகரங்களில் மருத்துவர்கள் இம்முறையையே நாடினர். தொற்று முற்றிலும் நீங்கியதை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில மாதங்கள் காத்திருந்தபின்பே திருகு இறக்க வேண்டும் என்ற பொறுமை அவர்களுக்குத் தேவைப்பட்டது. கீழ்த்தாடை இழந்தவர்களுக்கு வழி வேறு. காலின் வெளிப்புறச் சிற்றெலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, தாடை வடிவில் வெட்டி மடித்து, கழுத்தின் குழாய்களோடு இணைத்தால் அது உயிருள்ள தாடையாகிறது. அதில் திருகு இறக்கலாம். டேவிட் ஹிடால்கோ 1989-இல் வெளியிட்ட இந்த உத்தி இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது.

உலோகத்தைப் பொறுத்தவரை ஐதராபாத்துக்குத் தனிப் பெருமை உண்டு. 1973-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான மிஷ்ர தாது நிகம், விண்கலங்களுக்கும் போர்விமானங்களுக்கும் டைட்டேனியம் கலவைகளை உருக்கித் தருவது இந்நகரின் கஞ்சன்பாக்கில்தான். உடலுள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்கான உலோகமும் அங்கே உருவாகிறது. கேரளத்தின் சவரா ஆலையில் டைட்டேனியம் பஞ்சு வடிவில் பிரித்தெடுக்கப்படும் தொழில்நுட்பத்தை வளர்த்ததும் இந்நகரின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமே. கனிமமும் உருக்காலையும் அறிவும் நாட்டுக்குள்ளேயே இருக்கும்போது, தாடை இழந்த ஏழைக்குச் சில திருகுகள் எட்டாப் பொருளாக இருப்பதற்கு உலோகவியல் காரணமாக இருக்க முடியாது.

வாயின் பணிகளில் பேச்சு இழப்பே மற்றெல்லாவற்றையும் விட ஆழமாகப் பாதிக்கிறது என்பதைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டே விளக்கலாம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் உள்ள பிறப்பியல், கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் எழுத்துகளாகப் பிறப்பதை வகுத்துரைக்கிறது. அண்ணமும் பல்லும் இழந்தவருக்கு அந்த எட்டு இடங்களுள் இரண்டு இல்லை. மூன்றாவதாகிய மூக்கு கட்டுப்பாடின்றித் திறந்து கிடக்கிறது. வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் வாய்க்குள் நாவும் இதழும் படும் இடம் ஒன்றே. மெல்லினத்தில் மூக்கின் காற்றும் சேர்ந்து ஒலிப்பதுதான் வேறுபாடு என்பதை அந்நூல் கண்டு சொல்லியிருக்கிறது. அண்ணத்தில் ஓட்டை விழுந்தவர் வல்லினத்தை ஒலிக்க முயலும்போது மூக்கின் காற்று தானாகவே சேர்ந்துவிடுகிறது. 'பதி' என்று அவர் சொல்ல, கேட்பவர் காதில் 'மதி' விழுகிறது. 'தாய்' என்று அவர் அழைக்க, 'நாய்' என்று கேட்கிறது. கசடதபற என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை முழுவதும் ஙஞணநமன வரிசைக்குள் கரைந்துபோகும் இந்நிலையை, பேசுபவரே தம் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் இதில் கொடுமை. அல்வால் போன்ற ஓரிடத்தில் வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேருந்தில் தக்கனி உருதும் பேசி வாழ்பவருக்கு இழப்பு மும்மடங்காகிறது. தெலுங்கின் மூச்சொலிகளும் உருதின் உரசொலிகளும் வாய்க்குள் காற்றழுத்தம் நிற்பதை இன்னும் மிகுதியாக வேண்டுபவை. நன்கு பொருந்திய ஆப்டுரேட்டரை அணிந்த நிமிடத்திலேயே பேச்சு திரும்புவதைப் பயிற்சியற்ற காதும் கேட்டுணர முடியும். அது பேச்சின் நடுவே நழுவாமல் இருக்கும் என்ற உறுதியையே இம்பிளான்ட் சேர்க்கிறது.

இனி, இந்தப் பயனை எப்படி அளவிடுவது என்ற கேள்வி எழுகிறது. தமிழில் வாழ்க்கைத் தரம் என்ற தொடரை நாளிதழ்கள் வருவாயையும் விலைவாசியையும் குறித்தே பெரும்பாலும் ஆள்கின்றன. மருத்துவ ஆய்வில் அது, தம் பண்பாட்டுச் சூழலிலும் தம் எதிர்பார்ப்புகளின் வெளிச்சத்திலும் ஒருவர் தம் வாழ்வின் நிலையை எப்படி உணர்கிறார் என்பதைக் குறிக்கும். உலக நலவாழ்வு அமைப்பு 1990-களில் இதற்கென 100 கேள்விகள் கொண்ட அளவையைப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் உருவாக்கியபோது சென்னை அதன் 15 களமையங்களுள் ஒன்றாக இருந்தது. ஆகவே அக்கேள்விகளின் உருவாக்கத்திலேயே தமிழுக்கு இடம் இருந்தது. வாய்க்கென்று தனியே, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கேரி ஸ்லேடும் ஜான் ஸ்பென்சரும் 1994-இல் 49 கேள்விகள் கொண்ட பட்டியலை வகுத்தனர். 1997-இல் ஸ்லேடு அதை 14 கேள்விகளாகச் சுருக்கினார். செயல் தடை, வலி, மனக்கலக்கம், உடலியலாமை, மனத்தளவில் இயலாமை, கூடிவாழ இயலாமை, முழு முடக்கம் என்னும் ஏழு தளங்களில் தளத்துக்கு இரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை உயர உயர நிலை மோசம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் மேல்தாடை அகற்றப்பட்ட 47 பேரைக் கொண்டு 1996-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையானது. கருவி அணிந்தபின் நீர் கசிகிறதா, பேச்சு மூக்கில் ஒலிக்கிறதா, மெல்ல முடிகிறதா, விருந்துக்குச் செல்லத் தயங்குகிறாரா என்று கேட்ட அவ்வாய்வு, கருவி எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதே நோயாளியின் மனநிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் முன்னறிவிக்கும் முதன்மைக் காரணி என்று கண்டது.

இத்தகைய அளவைகளை இம்பிளான்ட் வைத்தவர்களிடமும் வைக்காதவர்களிடமும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவும், பிடிமானம் பெற்றவர்களுக்கு மெல்லுதலும் நிம்மதியும் கூடியிருப்பதையே காட்டுகின்றன. எனினும் இம்முடிவுகளை அப்படியே ஏற்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. இம்பிளான்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் பெரும்பாலும் இளையவர்கள், கதிர்வீச்சு குறைவாகப் பெற்றவர்கள், பலமுறை மருத்துவமனைக்கு வர வசதியுள்ளவர்கள். அவர்களின் மேலான நிலையில் எவ்வளவு பங்கு திருகுக்கு உரியது, எவ்வளவு அவர்களின் முன்னிலைக்கு உரியது என்பதைப் பிரித்தறிவது கடினம். கதிர்வீச்சுப் பட்ட எலும்பில் திருகு தோற்கும் வாய்ப்பும், எலும்பே மடிந்துபோகும் ஆபத்தும் மிகுதி என்பதால், கதிர்வீச்சு தேவைப்படும் எனத் தெரிந்தவருக்குப் புற்றை அகற்றும் அதே அறுவையிலேயே திருகு இறக்கிவிடும் வழக்கத்தை நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவினர் கையாள்கின்றனர். சிலருக்கு வாயைத் திறக்கவே முடிவதில்லை. பாக்கினால் கன்னத் தசை நாராக இறுகியவருக்கு மிகச் சிறந்த கருவியும் நுழையாது, ஆகவே இரு துண்டுகளாகச் செய்து காந்தத்தால் இணைக்க வேண்டும். சதைமடலால் ஓட்டையை நிரந்தரமாக மூடுவதா, கருவியால் அடைப்பதா என்ற விவாதமும் தீர்ந்தபாடில்லை. கருவியைக் கழற்றினால் குழிக்குள் புற்று மீண்டும் முளைக்கிறதா என்று நேரே பார்க்கலாம் என்பது கருவியின் பக்கம் நிற்போரின் வலுவான வாதம். இவை அனைத்தையும் எடைபோட்டாலும், பற்கள் எஞ்சாத மேல்தாடைக் குறைபாட்டில் எலும்புப் பிடிமானம் இல்லாத கருவி ஒரு தற்காலிக ஏற்பாடே என்ற முடிவைத் தவிர்க்க இயலாது.

அளவைகள் கேட்காமல் விடுவதையும் கருத வேண்டும். மேலை நாட்டுப் பட்டியலில் 'பிறரோடு உண்ணத் தயக்கம்' என்று ஒரு வரியில் கடக்கும் செய்தி, தென்னிந்தியக் குடும்பத்தில் கல்யாணப் பந்தியிலிருந்து ஒதுங்குவதாகவும், இழவு வீட்டில் துக்கம் கேட்கப் போகாமல் இருப்பதாகவும் விரிகிறது. ரசத்தையும் பாயசத்தையும் குடிக்கும்போது மூக்கில் ஏறிவிடும் என்ற அச்சத்தில் இலையின் முன் அமர மறுப்பவரை வீட்டார் தனியே சமையலறையில் உண்ண விடுகின்றனர். அது அன்பால் செய்யப்பட்டாலும் விலக்கல்தான். கரகரப்பான சோள ரொட்டி தெலங்கானாவின் அன்றாட உணவு. குழையச் சாதம் மட்டுமே விழுங்கக்கூடிய ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் அந்த உணவே அவருக்கு நஞ்சாகிறது. தொலைபேசியில் பேச முடியாமை, கோயிலிலோ தொழுகையிலோ உரக்க ஓத முடியாமை, முந்தானையால் வாயை மூடியபடியே பேசும் பழக்கம் ஆகியவற்றையும் கேட்கும் பட்டியல் நம் மொழிகளில் தேவை.

இனிப் பொதுப்பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டின் உச்சவரம்பு, தெலங்கானாவில் 2023 டிசம்பரில் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கர்நாடக அரசு 2014-இல் தொடங்கிய தந்த பாக்கியத் திட்டம் வறிய முதியோருக்கு இலவசப் பல்செட்டு வழங்கி, பல்லும் அரசின் கடமைக்குள் அடங்கும் என்ற எண்ணத்தை நிறுவியது. உயிர்காக்கும் அறுவைக்குப் பணம் தரும் அரசு, அவ்வறுவையால் திறந்துவிட்ட வாயை மூடித் தருவதற்கும் அதே காப்பீட்டின் கீழ்ப் பணம் தருவதே முறை. ஆப்டுரேட்டரும், பற்கள் எஞ்சாதவருக்குக் கன்ன எலும்பு இம்பிளான்டும் அறுவைச் செலவின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். கருவியை வருடந்தோறும் திருத்தவும், குழியைக் கழுவவும், திருகைச் சுற்றிய ஈற்றைப் பேணவும் நோயாளி வாழ்நாள் முழுவதும் வந்துபோக வேண்டியிருப்பதால், இச்சிகிச்சை வீட்டுக்கு அருகில் இருப்பதும் இன்றியமையாதது.

அல்வாலில் ஆயிரம் படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கு 2022 ஏப்ரல் 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் துறைப் பட்டியலில் முக, தாடைச் செயற்கை உறுப்புகளுக்கென ஒரு பிரிவும், அச்சு எடுக்கவும் கருவி வார்க்கவும் ஓர் ஆய்வுக்கூடமும், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவருக்கான பணியிடமும் சேர்க்கப்பட வேண்டும். பக்கத்திலேயே இராணுவப் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால் அதற்கான நிபுணர்களை வெகுதொலைவில் தேட வேண்டியதில்லை. வாயில் ஆறாத புண்ணோ வெண்திட்டோ கண்டு அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும் அவர்தம் குடும்பத்தாரும், அந்த நாளுக்கு முன்பே செயற்கைப் பல் நிபுணர் ஒருவர் வாயின் அச்சை எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுப் பெறுவார்களாக.